பல்பின் மின்தடை: மீட்டர் சொல்வது ஒன்று, கணக்கு சொல்வது வேறு

கேள்வி, மார்ச் 4 மாலை

12 வோல்ட், 21 வாட் என்று அச்சிட்ட பல்பு ஒன்று கையில் இருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி அளந்தேன், 0.8 ஓம். 12-ஐ 0.8 ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். 12 × 15 = 180 வாட். பல்பின் மேல் இருப்பதோ 21. வேறொரு மீட்டரிலும் பார்த்துவிட்டேன், அதே 0.8 தான். மீட்டர் தப்பா, பல்பு தப்பா, ஓம் விதி தப்பா?

மார்ச் 4, இரவு 9:40

மூன்றும் தப்பில்லை. நீங்கள் அளந்தது அணைந்திருக்கும் பல்பை. 21 வாட் என்பது எரியும் பல்புக்கு.

உள்ளே இருப்பது டங்ஸ்டன் இழை. அறை வெப்பத்தில் அதன் மின்தடை மிகக் குறைவு. சூடாக ஆக ஏறிக்கொண்டே போகும். எரியும்போது எவ்வளவு என்பதைப் பல்பில் அச்சிட்ட எண்களை வைத்தே கண்டுபிடிக்கலாம். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். எனவே 21 ÷ 12 = 1.75 ஆம்பியர். மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம். 12 ÷ 1.75 = 6.86 ஓம். ஒரே இழைதான், குளிர்ந்திருக்கையில் ஒரு ஓமுக்கும் கீழே, எரிகையில் ஏறக்குறைய ஏழு.

உங்கள் கணக்கில் 12 வோல்ட் எரியும் நிலைக்கு உரியது, 0.8 ஓம் அணைந்த நிலைக்கு உரியது. வெவ்வேறு நேரத்து எண்களைச் சேர்த்து வகுத்தால் வருவது எந்த நேரத்துக்கும் பொருந்தாது.

மார்ச் 4, இரவு 10:05

ஒன்று விட்டுப்போனது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பிடித்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எண் மீட்டர் வயரின் சொந்த மின்தடை. அதை 0.8-லிருந்து கழிக்க வேண்டும்.

மார்ச் 5, காலை

0.3 காட்டுகிறது என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் குளிர்ந்த இழை 0.5 ஓம்தான். 6.86-ஐ 0.5 ஆல் வகுத்தால் 13.7 மடங்கு. டங்ஸ்டனுக்கு இந்த அளவு ஏற்றம் வர இழையின் வெப்பநிலை சுமார் 2,600 கெல்வினில் இருக்க வேண்டும், அதாவது 2,300 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே. தொடவே முடியாத, கண்ணாடிக்குள் மூடிக்கிடக்கும் ஒரு கம்பியின் வெப்பநிலையை மூன்று எண்களிலிருந்து எடுத்துவிட்டோம். முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. டங்ஸ்டன் உருகுவது 3,422 டிகிரியில். அதற்கு ஓர் ஆயிரம் டிகிரி கீழேதான் அந்த இழை தினமும் வேலை செய்கிறது.

மார்ச் 5, இரவு 8:30

பேச்சோடு நிற்க வேண்டாம் என்று என்னிடம் இருக்கும் அதே வகைப் பல்பை மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பவர் சப்ளையில் மாட்டினேன். முதலைவாய்க் கிளிப் வயர் இரண்டு, அவ்வளவுதான். சப்ளையின் முகப்பில் தெரிந்த எண்களை அப்படியே எழுதுகிறேன்.

0.2 வோல்ட், 0.17 ஆம்பியர்: 1.18 ஓம்
1 வோல்ட், 0.40 ஆம்பியர்: 2.5 ஓம்
3 வோல்ட், 0.76 ஆம்பியர்: 3.95 ஓம்
6 வோல்ட், 1.13 ஆம்பியர்: 5.31 ஓம்
12 வோல்ட், 1.68 ஆம்பியர்: 7.14 ஓம்

விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் 1 வோல்ட்டில் இழை மங்கிய சிவப்பாகத் தெரிகிறது. 6 வோல்ட்டில் மஞ்சள். 6-லிருந்து 12-க்கு, அதாவது மின்னழுத்தம் இரண்டு மடங்கு ஆகும்போது, மாறாத மின்தடையாக இருந்தால் திறன் நான்கு மடங்கு ஆகியிருக்க வேண்டும். இங்கே 6.78 வாட்டிலிருந்து 20.2 வாட்டுக்குத்தான் போயிருக்கிறது. மூன்று மடங்குகூட இல்லை. மின்னழுத்தம் ஏற ஏற இழையும் சூடாகித் தன் மின்தடையைக் கூட்டிக்கொள்வதால் மின்னோட்டம் அதே வேகத்தில் ஏறுவதில்லை.

ஆகவே பல்பு ஓம் விதிக்கு உட்படாத பொருள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கும் கணக்கு இதற்குச் செல்லாது.

மார்ச் 6, மதியம்

மேலே எழுதிய கடைசி வரி தப்பு. ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: "செல்லாது என்கிறீர்கள், ஆனால் நீங்களே ஐந்து இடத்தில் வகுத்திருக்கிறீர்களே?"

திருத்திச் சொல்கிறேன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை என்பது வரையறை. அது பல்புக்கும் செல்லும், எல்இடிக்கும் செல்லும், எதற்கும் செல்லும். அந்தக் கணத்துக்கு மட்டும். ஓம் சொன்னது அதற்கு மேலே ஒரு படி: வெப்பநிலை மாறாமல் இருந்தால், உலோகக் கம்பிக்கு அந்த ஈவு எல்லா மின்னழுத்தத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்பது. விதி அந்த "ஒன்றாகவே" என்பதில்தான் இருக்கிறது. பல்பில் வெப்பநிலை மாறுகிறது, எனவே ஈவு மாறுகிறது. விதியும் கெடவில்லை, வகுத்தலும் கெடவில்லை. பல வருடங்களாக இரண்டையும் ஒன்றாகவே பேசி வந்திருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போதுதான் பிரிந்து தெரிகிறது.

மார்ச் 6, இரவு

விதிக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் ஓம் பற்றிக் கேட்டவருக்கு. ஜெர்மானியர், 1789-இல் எர்லாங்கனில் பிறந்தவர், கொலோனில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளைச் செய்தார். 1825-இல் அவர் முதலில் வெளியிட்ட சூத்திரம் இன்று நாம் படிப்பது இல்லை. அதில் மடக்கை இருந்தது. அவர் பயன்படுத்திய மின்கலத்தின் மின்னழுத்தம் சோதனை நடக்கும்போதே இறங்கிக்கொண்டும் அலைந்துகொண்டும் இருந்தது முக்கியக் காரணம். பொக்கெண்டார்ஃப் என்ற இயற்பியலாளரின் யோசனைப்படி மின்கலத்தை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இரட்டைக்கு மாறினார். இரண்டு உலோகங்கள் சேரும் சந்திப்புகளின் வெப்பநிலை வித்தியாசத்திலிருந்து மின்னழுத்தம் தரும் அமைப்பு அது. ஒரு சந்திப்பு கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில். மின்னழுத்தம் மிகச் சிறியது, ஆனால் அசையாதது. எண்கள் நேராக வந்தன. 1827-இல் புத்தகமாக வெளியிட்டார்.

அவருக்கும் முன்பே, 1781-இல், ஹென்றி கேவண்டிஷ் இதே உறவைக் கண்டிருந்தார். மின்னோட்டத்தை அளக்க அவரிடம் கருவி இல்லை. தன் உடலில் பட்ட அதிர்ச்சியின் வலுவை வைத்தே ஒப்பிட்டார். வெளியிடாமல் வைத்துவிட்டார், 1879-இல் மாக்ஸ்வெல் பதிப்பித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

மார்ச் 7, காலை

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது, இரவெல்லாம் யோசித்தேன். "உங்கள் பட்டியலில் 0.2 வோல்ட்டில் 1.18 ஓம் என்கிறீர்கள். குளிர்ந்த இழை 0.5 ஓம் என்றும் சொன்னீர்கள். 0.2 வோல்ட்டில் இழை அப்படி என்ன சூடாகிவிட்டது, இரண்டு மடங்குக்கு மேல் ஏற?"

ஏற வழியில்லை. 0.2 × 0.17 = 0.034 வாட். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. 12 வோல்ட்டிலும் எனக்கு 7.14 வந்தது, பல்பில் அச்சிட்டபடி 6.86 தான் வர வேண்டும். அன்றைக்கு அதைப் பல்புக்குப் பல்பு வரும் வித்தியாசம் என்று விட்டுவிட்டேன். மறுபடி அளக்கிறேன்.

மார்ச் 7, இரவு 11:20

கண்டுபிடித்தாயிற்று. சப்ளையின் முகப்பில் தெரியும் மின்னழுத்தம் சப்ளையின் முனையில் இருப்பது. பல்பின் முனையில் இருப்பது அல்ல. நடுவில் அந்த இரண்டு கிளிப் வயர்கள்.

முகப்பில் 12.00 இருக்கும்போது மல்டிமீட்டரைப் பல்பின் காலிலேயே வைத்தேன். 11.16. அதாவது 0.84 வோல்ட் வயரிலும் கிளிப்பிலுமே போய்விட்டது. 0.84 ÷ 1.68 = 0.5 ஓம். இரண்டு மெல்லிய வயருக்கு அரை ஓம்! கிளிப்புக்குள் வயர் சாலிடர் செய்யாமல் நசுக்கி மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. விரலை வைத்தால் அந்த இடம் இளஞ்சூடாக இருக்கிறது. 0.84 × 1.68 = 1.4 வாட் அங்கே வெப்பமாகிறது.

மார்ச் 5 பட்டியலை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளது பல்பின் காலில் அளந்த மின்னழுத்தம்.

முகப்பில் 0.2, பல்பில் 0.115: 0.68 ஓம்
முகப்பில் 1, பல்பில் 0.80: 2.0 ஓம்
முகப்பில் 3, பல்பில் 2.62: 3.45 ஓம்
முகப்பில் 6, பல்பில் 5.43: 4.81 ஓம்
முகப்பில் 12, பல்பில் 11.16: 6.64 ஓம்

12 வோல்ட்டில் பிழை 7 சதவீதம் போல. 0.2 வோல்ட்டிலோ 70 சதவீதத்துக்கும் மேல். அதே அரை ஓம்தான். பெரிய மின்தடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது கண்ணில் படவில்லை, சிறியதற்குப் பக்கத்தில் நின்றதும் அதையே விழுங்கிவிட்டது. திறனும் அப்படியே: பல்புக்குப் போனது 20.2 வாட் அல்ல, 18.7.

கேள்வி கேட்டவருக்கு மனமார்ந்த நன்றி. எல்லாரும் பார்த்தும் அந்த முதல் வரி யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

மார்ச் 8, காலை

இதிலிருந்தே ஒரு முறை. சிறிய மின்தடையை அளக்க நான்கு வயர் வேண்டும். இரண்டு வயர் மின்னோட்டத்தைக் கொண்டுபோக, வேறு இரண்டு மின்னழுத்தத்தை மட்டும் பார்க்க. மின்னழுத்த வயரில் மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை, எனவே அதன் மின்தடை எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை. கெல்வின் முறை என்பார்கள். நேற்று இரவு நான் செய்தது அதுதான், பெயர் நினைவுக்கு வராமலே.

பெரிய மின்தடைக்குத் தொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். 12 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வைத்து ஒன்றின் குறுக்கே அளந்தால் 6 வோல்ட் வர வேண்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் 5.71 தான் காட்டும். அதன் உள்மின்தடை 10 மெகா ஓம். அதுவும் ஒரு ரெசிஸ்டராக பக்க இணைப்பில் சேர்ந்துகொள்கிறது.

மார்ச் 8, மாலை

சின்னக் குறிப்பு. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும். 12 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்றால் 0.6, அது 0.6 ஓம் இல்லை, 0.6 கிலோ ஓம், அதாவது 600 ஓம். ஒருவர் எல்இடிக்கு 0.6 ஓம் போட வேண்டுமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து போடாதீர்கள், ஒரு நொடியில் போய்விடும். 600-ம் அல்ல, எல்இடியே 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும் என்றால் மீதி 9 வோல்ட்டுக்குத்தான் ரெசிஸ்டர். 9 ÷ 0.02 = 450. கிடைப்பது 470. திறன் 9 × 0.02 = 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் சூடாகும். அரை வாட் போட்டால் நிம்மதி.

மார்ச் 9

திறன் சூத்திரங்கள் இரண்டும் முரண்படுகின்றன என்று கேட்டவருக்கு. இதை அவசரமாகச் சொல்ல விருப்பமில்லை. நானும் மாணவனாக இருந்தபோது இதில் வெகுநாள் மாட்டியிருந்தேன், கேட்கக் கூச்சமாக இருந்தது.

கேள்வி இதுதான். திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை. மின்தடை கூடினால் திறன் கூடும். திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை. மின்தடை கூடினால் திறன் குறையும். எது உண்மை?

எதை மாறாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேட்டரிக்கு நேராக ஒரு ரெசிஸ்டரை மாட்டினால் மாறாமல் இருப்பது மின்னழுத்தம். அப்போது மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டத்தின் வர்க்கத்தால் குறைவது, மின்தடை ஏறியதைவிடப் பெரியது. திறன் இறங்கும். அதனால்தான் ஒரே மின்னழுத்தத்தில் அதிக வாட் ஹீட்டருக்குக் குறைந்த மின்தடை.

தொடர் இணைப்பில் கதை வேறு. என் கிளிப் வயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை முடிவு செய்வது பல்பு. வயர் அதை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவே. அங்கே மின்னோட்டம் ஏறக்குறைய மாறாதது. கிளிப்பின் நசுங்கிய இடத்தில் மின்தடை கூடினால் அந்த இடத்தில் வெப்பம் கூடும். தளர்ந்த சாக்கெட் கருகுவதும் இப்படித்தான். தளர்ந்தால் மின்தடை கூடும், சூடு கூடும், சூட்டில் உலோகம் கறுத்து மின்தடை மேலும் கூடும். இந்தச் சுற்று தானாக நிற்காது.

ஜூல் இந்த வெப்பக் கணக்கை 1841-இல் வெளியிட்டார். மின்னோட்டத்தின் வர்க்கம் என்பதுதான் அவர் கண்டது.

மார்ச் 9, இரவு

மேலே "ஏறக்குறைய மாறாதது" என்றேன். எல்லைக்குள் மட்டும். வயரின் மின்தடை பல்பின் மின்தடையை நெருங்கும்போது அதுவும் மின்னோட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் வயரில் விழும் திறன் உச்சம். அதற்குப் பிறகு இறங்கும். பல்பின் மின்தடை நிலையாக இருப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு இது. பல்பில் உச்சம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

மார்ச் 11

ரெசிஸ்டர் புகைந்தது என்று எழுதியவருக்கு: 100 ஓம், கால் வாட், 12 வோல்ட்டுக்கு நேராக. 12 × 12 ÷ 100 = 1.44 வாட். தாங்கும் அளவைப்போல் ஆறு மடங்குக்கு அருகில். அந்த ரெசிஸ்டருக்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கலாம் என்றால் 0.25 × 100 = 25, அதன் வர்க்கமூலம் 5. ஐந்து வோல்ட்தான் எல்லை. ஓம் மதிப்பை மட்டும் பார்த்து ரெசிஸ்டர் எடுப்பது எனக்கும் வெகுகாலம் இருந்த பழக்கம். என் மேசையில் ஒரு பழுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது.

மார்ச் 12

"பல்பில் இவ்வளவு வித்தியாசம் என்றால் ஹீட்டர் சுருளை ஓம் மீட்டரில் பார்ப்பதும் வீணா?" வீண் இல்லை. ஹீட்டரில் இருப்பது நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் சேர்ந்த உலோகக் கலவை. அது சிவக்கச் சூடானாலும் மின்தடை சில சதவீதம்தான் ஏறும். 230 வோல்ட், 1000 வாட் என்றால் 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். ஆறிய நிலையில் மீட்டரில் 50-ஐ ஒட்டி வந்தால் சுருள் நன்றாக இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும். மின்சாரம் இருக்கும் இடத்தில் ஓம் பகுதியை வைக்கவே கூடாது.

மின்விசிறி மோட்டாருக்கு இந்தக் கணக்கு பலிக்காது. சுருளின் ஓமை அளந்து 230-ஐ அதனால் வகுத்தால் உண்மையைவிட மிகப் பெரிய மின்னோட்டம் வரும். மாறுமின்னோட்டத்தில் சுருளின் தூண்டல் தன் பங்குக்குத் தடுக்கிறது, சுழலும் மோட்டார் எதிர் மின்னழுத்தத்தையும் உண்டாக்குகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால்கூட அங்கே வாட் கிடைக்காது, வோல்ட்-ஆம்பியர்தான் கிடைக்கும். அதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் திறன் காரணி தெரிய வேண்டும். அதைத் தனியாகப் பேசலாம்.

மார்ச் 13

முதல் கேள்விக்கே திரும்புகிறேன். 12 வோல்ட்டைக் குளிர்ந்த இழையின் ஓமால் வகுத்து வரும் மின்னோட்டம் எந்த நேரத்துக்கும் பொருந்தாது என்று மார்ச் 4 அன்று எழுதினேன். அன்று 0.8 ஓமுக்கு 15 ஆம்பியர், மீட்டர் வயரைக் கழித்த 0.5 ஓமுக்கு 24. பொருந்தும் ஒரு கணம் இருக்கிறது: சுவிட்ச் போட்ட அந்த முதல் கணம். இழை இன்னும் குளிர்ந்திருக்கிறது, மின்னழுத்தம் வந்துவிட்டது. வயரின் மின்தடை அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், ஆனாலும் இயல்பைப்போல் பல மடங்கு பாயும். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இழை சூடாகி அதை அடக்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே போவதற்கு இதுவும் காரணம். என் சப்ளையில் 3 ஆம்பியர் வரம்பு வைத்திருப்பதால் பல்பு பட்டென்று எரியாமல் மெல்ல ஏறுகிறது. முகப்பில் மின்னழுத்தம் ஒரு கணம் விழுந்து எழுவது தெரிகிறது.

ஆகவே உங்கள் முதல் கணக்கு அர்த்தமற்றது அல்ல. நான்தான் அன்று முழுதாகச் சொல்லவில்லை.

மார்ச் 15

முதல் கேள்வி கேட்டவர் தன் அளவுகளை அனுப்பியிருக்கிறார். எரியும்போது பேட்டரி முனையில் 12.4 வோல்ட், பல்பின் காலில் 11.9, மின்னோட்டம் 1.74 ஆம்பியர். 11.9 ÷ 1.74 = 6.84 ஓம். 11.9 × 1.74 = 20.7 வாட். பல்பு அச்சிட்டபடியே இருக்கிறது.

அந்த அரை வோல்ட் எங்கே போனது என்று கேட்கிறார். 0.5 ÷ 1.74, ஏறக்குறைய 0.29 ஓம் வழியில் எங்கோ இருக்கிறது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரை வோல்ட்டில் வைத்து, சுவிட்சின் இரண்டு கால்களுக்குக் குறுக்கே பாருங்கள். பிறகு ஃபியூஸ் பிடியின் குறுக்கே. பிறகு ஒவ்வொரு இணைப்பாக. எங்கே எண் பெரிதாக வருகிறதோ அங்கேதான்.

மார்ச் 15, இரவு

சுவிட்சில் 0.34 வந்ததாம். மாற்றிவிடுங்கள்.